துளையை அடைத்த சந்தனம்

மலாயாவில், காஹாங் விமானத் திடலில் மரப் புரொப்பெல்லர்களைப் பரிசோதிப்பது என் வேலை. அவற்றின் நுனிகளில் பித்தளைத் தகடு போர்த்தி, உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற ஊசித் துளைகள் விட்டிருப்பார்கள்.

அந்த ஆயுத பூஜைக்கு நானே நுனிகளில் சந்தனம் அப்பினேன். மறுநாள் பார்த்தால் ஒரு நுனியின் துளைகள் மட்டும் அடைபட்டிருந்தன. சாமிக்கு வைத்ததை வழித்தெறிய மனம் வரவில்லை. பழுதில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு விடாத மழை. வெயில் வந்த அன்று மேலே போன விமானம் கழன்றுவிடுவதுபோல் உதறியது. பைலட் எப்படியோ இறக்கிவிட்டார்.

யாழ்ப்பாணத்துத் தலைமை மெக்கானிக் சந்தனத்தைக் குத்தி எடுத்தார். தேங்கியிருந்த மழைநீர் ஒழுகியது; ஒரு நுனி மட்டும் கனத்ததால்தான் அந்த உதறல்.

"இதை ஆர் பாத்தது?"

நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். என்னோடு பரிசோதனை வேலை செய்த மலாய்க்காரன் யூசோப், ரப்பர் தோட்டத்தில் பழகிய தமிழில் சொன்னான்: "நான் பாத்தேன் ஐயா. தொடைக்காம விட்டுட்டேன்."

தண்டனையாக அவனைத் திடலில் புல்வெட்ட அனுப்பினார்கள்.

"ஏன்டா தொடைக்கல?" என்று அப்புறம் கேட்டேன்.

"உங்க சாமி சந்தனம் லா அண்ணே. நான் எப்படிக் கை வைக்கிறது?"

இன்றும் சந்தனம் குழைக்கும்போது, திடலோரம் குனிந்து புல்வெட்டிய அவன் முதுகுதான் கண்ணில் நிற்கிறது.