நாரினில் வாங்கிய கையெழுத்துகள்

இதை யாரோ இட்டுக்கட்டியது என்று நினைத்தால் இப்போதே மூடி வைத்துவிடுங்கள். இது சாய்கலுக்கு நடந்தது. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் நானும் அவளும் ஒரே விடுதி அறை. அந்த ஒலிப்பதிவை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

சாய்கல் கல்வியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மலைப் பள்ளி ஆசிரியர்கள் வேலை பார்த்துக்கொண்டே ஒருவரிடமிருந்து ஒருவர் எப்படிக் கற்கிறார்கள் என்பது தலைப்பு. நெறியாளர் பேராசிரியர் ஜூரா. மாணவர்கள் எல்லாரும் ‘ஜூரா அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்த அக்காவிடம் ஈரம் என்று ஒன்றைப் பார்த்தவர்கள் இல்லை. “பேட்டி எடுக்காமலே எடுத்ததா எழுதுற ஆளுங்கள எனக்குத் தெரியும். என்கிட்ட அந்த வேலை வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

பிப்ரவரி மாதம் நாரின் மலை மாவட்டத்தில் ஐந்து பள்ளிகளுக்குக் கிளம்பினாள் சாய்கல்.

முதல் பள்ளி. செவ்வாய்க்கிழமை, பகல் 11.10. ஆசிரியை பெயர் புருல். ஐம்பது வயது, ஓயாத வாய். “பயிற்சி முகாம்ல தூங்கத்தான் கத்துக்கிட்டேன் தங்கச்சி. பாடம் நடத்தக் கத்துக்கிட்டது பக்கத்து வகுப்புச் சுவர்ல காதை வெச்சு!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பேட்டி முடிந்ததும், வண்டிக்காரனைக் காத்திருக்கச் சொல்வதற்காகச் சாய்கல் வெளியே போனாள். ஒலிப்பதிவுக் கருவி மேசைமேல் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்தாறு நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

மேசைமேல் மூன்று கிண்ணங்களில் தேநீர்.

“மூணு எதுக்கு அக்கா?”

“உங்ககூட வந்த பொண்ணுக்குத்தான். குடிக்காமலே போயிட்டாளே!”

“நான் தனியாத்தானே வந்தேன்?”

“இந்த விளையாட்டெல்லாம் என்கிட்ட வேண்டாம்” என்று புருல் அவள் முதுகில் தட்டினார்.

சாய்கலுக்கு அப்போது பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஜூரா அக்கா வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார்! அதுவும் தன் முதுகுக்குப் பின்னால்!

இரண்டாவது பள்ளி. புதன்கிழமை, பகல் 2.25. மெதெர் என்ற இளம் ஆசிரியர். பேட்டி முடிந்து, மாட்டியிருந்த மேலங்கியை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போய்வந்தாள். மெதெர் தன் விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

“உங்க தோழியோட பேனா என்ன இப்படிச் சில்லுனு இருக்கு?”

சாய்கல் வாசலுக்கு ஓடினாள். யாரும் இல்லை. முற்றம் முழுக்கப் புதுப் பனி. அதில் ஒரே ஒரு வரிசைக் காலடித் தடம்... பேட்டிக்கு அவள் நடந்து வந்தது. பின்கதவைப் போய்ப் பார்த்தாள். குளிருக்காக நவம்பரிலேயே ஆணி அடித்து மூடியிருந்தார்கள்.

மூன்றாவது பள்ளியில் அவள் ஒரு முடிவோடு போனாள். அறையைவிட்டு ஓரடி நகரவில்லை. யாரும் வரவில்லை. ‘சிக்கிவிடுவோம் என்று பயந்துவிட்டாள்’ என்று நினைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலை 8.50. அந்த ஆசிரியை போனில் கூப்பிட்டார்.

“நீங்க போனதும் அந்தப் பொண்ணு உள்ள வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனா. அவ்வளவு நேரமும் வெளியிலயே நின்னாளாம். பாவம், ஏன் உள்ள கூப்பிடல?”

நான்காவது பள்ளியிலும் அப்படித்தான். ஐந்தாவதிலும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 4.40. விடுதி அறையில் முதல் பேட்டியின் பதிவைப் போட்டோம். 41ஆவது நிமிடம். சாய்கல் வெளியே போகும் கதவுச் சத்தம். பிறகு புருலின் குரல்.

“வாம்மா... உட்காரு.”

ஒன்பது விநாடி அமைதி.

“எங்க போடணும்?”

அமைதி.

“தேதி தப்பா இருக்கே? பதினோரு வருசத்துக்கு முந்தின தேதி...”

அமைதி.

“சரி சரி... போடறேன். அழாத.”

கர்ர்... கர்ர்... பேனா ஓடும் சத்தம்.

இன்னொருத்தியின் குரல் எங்கேயும் இல்லை. மூச்சுகூட இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சாய்கல் ஜூரா அக்காவின் அறைக்குள் நுழைந்தாள்.

“யாரை அனுப்பினீங்க?”

“உன்னைக் கண்காணிக்கவா? எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு.”

கருவியை மேசைமேல் வைத்து ஓடவிட்டாள். தேதி தப்பு என்று புருல் சொன்ன இடத்தில் ஜூரா அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

“அழுதாளா...?”

பிறகுதான் சொன்னார். உல்கான் என்று ஒரு மாணவி. பதினோரு வருடத்துக்கு முன்பு இதே ஐந்து பள்ளிகளில், அப்போதிருந்த ஆசிரியர்களிடம் பேட்டி எடுத்தவள். சம்மதப் படிவத்தில் ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்க மறந்துவிட்டாள். எல்லாம் கற்பனைப் பேட்டி என்று ஆய்வுக் குழுவில் சொன்னவர் ஜூரா அக்காதான்.

“கையெழுத்தோட வா, நம்பறேன்னு சொன்னேன். ரெண்டு வாரம் கொடுத்தேன்... பிப்ரவரியில. கணவாய்ல வண்டி சறுக்கிடுச்சு. உயிரோட எந்தப் பள்ளிக்கும் போய்ச் சேரல.”

சாய்கல் கருவியை நிறுத்தினாள்.

“அஞ்சு பேரும் போட்டுட்டாங்களா?” என்று கேட்டார் ஜூரா அக்கா.

“ஆமா.”

“அப்போ இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அந்தப் படிவத்துல கடைசி வரி... நெறியாளர்.”

ஜூன் மாதம் வாய்மொழித் தேர்வு. சாய்கல் தேறினாள். ஆனால் ஜூரா அக்காவின் நாற்காலி காலியாகவே இருந்தது. போனையும் எடுக்கவில்லை. மாலை அவர் வீட்டுக்குப் போனாள். மகள் கதவைத் திறந்தாள். உள்ளே ஜூரா அக்கா படுத்திருந்தார். ஜூன் மாதத்திலும் வலது கையைப் போர்வைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

மகள் சமையலறையில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நேத்து மத்தியானம் 12.35 இருக்கும். அம்மா தானே எழுந்து போய்க் கதவைத் திறந்தாங்க. ‘வா உல்கான்’னாங்க. டீ ஊத்தி எதிர்ல வெச்சாங்க. எதிர்ல யாருமே இல்லக்கா. அப்புறம் பேனாவ எடுத்து, காகிதமே இல்லாம மேசை மேல கையெழுத்து போட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்...”

“சரி...?”

“மேசையில வெள்ளைத் துணி. புதுப் பேனா. அழுத்தி அழுத்தித்தான் போட்டாங்க.”

அவள் அந்தத் துணியை எடுத்து விரித்துக் காட்டினாள்.

“ஒரு சொட்டு மைகூட இதுல படல, அக்கா.”