துணியின் மறுபக்கம்

நேற்று ஃபோர்ஜ்டு பிஸ்டன், அதாவது காய்ச்சி அடித்துச் செய்த பிஸ்டன், போடுவதற்காக என் காரின் சிலிண்டர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசம், இப்போது மேம்பாலத் தூண் நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் நாமக்கல் பட்டறைக்குள் என்னைத் தள்ளிவிட்டது. அங்கே அப்பா தேய்த்த சிலிண்டரை நான் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டவேண்டும். துணியில் துளி சாம்பல் நிறம் இருந்தாலும் அம்மா பிஸ்டன் போட விடமாட்டார், தேய்த்ததில் ஒட்டியிருக்கும் மிச்சப் பொடி புது இன்ஜினையே தின்றுவிடும்.

ஒருநாள் கிரிக்கெட் அவசரத்தில் துணியின் துடைக்காத பக்கத்தைக் காட்டினேன். "செரி, போய்ட்டு வா சாமி" என்றார் அம்மா.

கொஞ்ச நேரத்திலேயே திரும்பிவிட்டேன்; மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான், முதல் பந்திலேயே அவுட்டானதும் ஒரு காரணம். பிஸ்டன்கள் பிரிக்காத பெட்டியிலேயே இருந்தன, அடுப்பில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க சாமி, சோப்பு அங்கதான் இருக்குதுங்க" என்றார் அம்மா.