முப்பத்திரண்டு சீட்டும் ஒரு நாடாவும்

பெலோத் ஆட நான்கு பேர் வேண்டும். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நாங்கள் பிடித்துக்கொண்ட சீட்டாட்டம் அது. ஏழிலிருந்து ஆஸ் வரை முப்பத்திரண்டு சீட்டு. எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில்தான் ஆட்டம். நான் தனியாள், சத்தம் போட்டால் கோபித்துக்கொள்ள வீட்டில் யாரும் கிடையாது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய மறுவருடம் நால்வரில் இருவர் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். மிஞ்சியது நானும் முதலியார்பேட்டையில் இருந்த என் கூட்டாளியும். இரண்டு பேராக ஆடிப் பார்த்தோம். உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அவரை வேறு அலுவலகத்துக்கும் மாற்றிவிட்டதால் வழியில்கூடப் பார்க்க முடியவில்லை.

போனவர்களில் ஒருவர் தம் மனைவியின் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளை ஒரு கட்டாக என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். எறும்பு ஏறுகிறதே என்று தூக்கிப் போடப் போகும்போதுதான், அட்டைகளைக் கொண்டு நாடா நெய்வதைப் பற்றிய பக்கம் கண்ணில் பட்டது. தறி வேண்டாம். ஒவ்வோர் அட்டையிலும் நான்கு ஓட்டை, ஓட்டைக்கு ஓர் இழை. எல்லா அட்டைகளையும் சேர்த்துப் பிடித்துக் கால் சுற்று திருப்பினால் இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து நடுவில் வழிவிடும். அந்த வழியில் குறுக்கு நூலை விட்டு இறுக்க வேண்டும். மறுபடி கால் சுற்று. அவ்வளவுதான்.

வீட்டில் இருந்த கெட்டி அட்டை சீட்டுக் கட்டு ஒன்றுதான். சீட்டு சதுரமில்லை, நீளம். அதனால் ஒவ்வொன்றின் நடுவிலும் சதுரம் குறித்து, தோலில் ஓட்டை போடும் உளியால் நான்கு மூலையிலும் தட்டினேன். முப்பத்திரண்டு சீட்டு, நூற்றிருபத்தெட்டு இழை. பெரிய மார்க்கெட்டில் நூல் கொடுத்தவர் சாயம் போகாது என்று அடித்துச் சொன்னார். முதல் நாளே என் விரல்கள் நீலமாகிவிட்டன.

இழைகளின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சாண் நெய்ததும் சீட்டுகள் திரும்ப மறுத்தன. எல்லாவற்றையும் முன்பக்கமாகவே திருப்பிக்கொண்டு போனதில், சீட்டுகளுக்கு அப்பால் நூல் முழுவதும் கயிறாக முறுக்கிக்கொண்டுவிட்டது. இடுப்பில் கட்டியிருந்ததால் எழுந்து போய் அவிழ்க்கவும் முடியவில்லை. எழுந்தால் இழை தளர்ந்து எல்லாம் குழம்பிவிடும். யாரையாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். யாரைக் கூப்பிடுவது?

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. என் கூட்டாளி. என்னை அவர் எப்போதும் பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிடுவது போல முசே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்.

"முசே! சீட்டுக் கட்ட எங்க வச்சிருக்க?"

உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். "அடப்பாவி! ராஜா ராணிக்கெல்லாம் காது குத்திட்டியே! எந்த மாமன் மடியில உக்கார வச்சிக் குத்தின?"

"கிண்டல் அப்புறம். அந்த முறுக்க முதல்ல எடுத்துவிடுய்யா."

ஜன்னலோரம் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, விரலால் சீவிச் சீவி முறுக்கை எடுத்தார். "இது யாருக்கு அரைஞாணு? யானைக்கா?"

"கட்டு எதுக்குக் கேட்ட?" என்றேன்.

"ஆடத்தான். எங்க தெருவுலயே ஆளு சேந்துடிச்சி. நானு, எம் மச்சான், எதுத்த வூட்டுக்காரரு, அவரு தம்பி. நாலு பேரு ஆயிட்டோம். கட்டு ஒண்ணுதான் இல்ல."

மனசுக்குள் எண்ணினேன். இன்னொரு தடவையும் எண்ணினேன். நான் இல்லாமலே நான்கு சரியாக இருந்தது.

"எல்லாத்துலயும் ஒரே எடத்துலதான ஓட்ட போட்டுருக்க, ஆடிக்கலாம். அறுத்துக் குடு."

"அறுத்தா அத்தனை இழையும் வீணாப் போயிடும். நெய்ஞ்சு முடிச்சதும் தரேன்."

அடுத்த ஞாயிறும் அவர் வந்தார், எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க. அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அவர் ஜன்னலோரம், நான் சுவரோரம், நடுவில் நூல். அவர் முறுக்கை எடுப்பார், நான் திருப்புவேன். அலுவலகக் கதையும், மச்சான் கள்ளாட்டம் ஆடுவான் என்ற சந்தேகமும், போனவர்களில் யார் குளிரில் நடுங்குகிறார்கள் என்பதும் பேச்சில் வரும். நான்கு தரம் முன்னால் திருப்பி நான்கு தரம் பின்னால் திருப்பினால் முறுக்கே ஏறாது என்று அந்தப் பத்திரிகையின் மறுபக்கத்தில் போட்டிருந்தது. அதைப் படித்த பிறகும் நான் முன்னால் மட்டுமே திருப்பிக்கொண்டிருந்தேன். வாரநாட்களில் நாடாவைத் தொடுவதும் இல்லை.

ஆறாவது ஞாயிறு அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் புதுச் சீட்டுகளை எடுத்து என் மடியில் வைத்தார்.

"பம்பாய்க் கட்டு ஒண்ணு வாங்கியாந்துட்டேன், முசே. அம்பத்திரண்டு இருக்குது. ரெண்டுலேந்து ஆறு வரைக்கும் தள்ளிட்டா நமக்கு வேண்டிய முப்பத்திரண்டு வந்துடுது. மிச்சம் இருவது எங்களுக்கு ஆவாது. உனக்கு ஆவும்னு கொணாந்தேன். இனிமே அவசரமே இல்ல, நிதானமா முடி."

அந்தக் கழித்தல் எனக்கு முதல் நாளே தெரியும். நான் சொல்லவில்லை.

"முறுக்கு ஏறியிருக்கு, பாரு," என்றேன்.

"மச்சான் காத்துக்கினு இருக்கான்யா." வாசல்வரை போனவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், நின்றார். "என்னிக்காவது ஒருத்தன் வரலன்னா ஆளனுப்பறேன். ஒடனே வந்துடணும், என்ன?"

"வரேன்," என்றேன்.

அதற்காகப் பல வருடங்கள் ஞாயிறு மதியங்களில் நான் எங்கும் போகவில்லை. கடற்கரைக்குக்கூட வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளம்புவேன். அந்த நாடா முடிந்தது. பிறகு எட்டு நாடாக்கள் நெய்தேன், நாளடைவில் ஓரம் கோணாமல் வந்தது. முதலியார்பேட்டையில் அந்த நால்வரில் ஒருவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் காய்ச்சல் வரவில்லை போலிருக்கிறது.