ஆந்தைகளால் வந்த மேற்கோள்கள்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூளையைப் பற்றி ஆராய்கிறவள் நான். என் பாடம் கவனம். ஒரு வேலையில் மூழ்கியிருப்பவருக்குக் கண்ணெதிரே இருப்பது ஏன் தெரியாமல் போகிறது என்பதைப் பற்றி ஆறு கட்டுரைகள் எழுதியிருந்தேன். அவை மேற்கோள் காட்டப்பட்டது மொத்தம் பதினொரு தடவை. அதில் நான்கு, நானே காட்டியது.

எங்கள் தொழிலில் இந்த எண்தான் ஜாதகம். பதவி உயர்வுக்கு முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. கட்டுரைகளும் எண்ணிக்கையும் தானாக அதில் ஏறிக்கொள்ளும். பல் துலக்குவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்ப்பது என் கெட்ட பழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தால், முந்நூற்றுச் சொச்சம்!

"என்னங்க, உலகமே என்னைப் படிச்சிருச்சு!" என்று கத்தினேன். சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட்டோடு நின்ற கணவர், "நல்லதுலா. பாலத்துல ஜாம், நான் போறேன்" என்று போய்விட்டார்.

பிறகுதான் பட்டியலைப் படித்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து எலிகளும் ஆந்தைகளும். ஆந்தை கக்கிய உருண்டைகளில் கிடைத்த எலும்புகள். என் பக்கத்தில் பதினேழு ஆந்தைக் கட்டுரைகள்! என் பெயரின் முதலெழுத்தும் அப்பா பெயரும் அப்படியே கொண்ட வேறு யாரோ ஒருவர். கணினி எங்களை ஒரே ஆளாக்கிவிட்டது.

சரிசெய்ய ஒரு பொத்தான் இருந்தது. சாயங்காலம் அழுத்தலாம் என்று விட்டேன். ஒரு நாளாவது அந்த எண்ணோடு வாழ்ந்து பார்க்க ஆசை.

மத்தியானக் கூட்டத்தில் எங்கள் துறைத் தலைவி, மலாய்க்கார அம்மா, "தஹ்னியா!" என்று எழுந்து வாழ்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கறிபாப் தட்டு முதலில் என்னிடம் வந்தது. தின்ற பிறகு எப்படி உண்மையைச் சொல்வது? அன்று சாயங்காலம் பொத்தானையும் அழுத்தவில்லை.

அடுத்த வாரம் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து கடிதம். எலித் தொல்லை தாங்கவில்லை, உங்கள் ஆந்தை நிபுணரை அனுப்புங்கள் என்று. இணையத்தில் என் பக்கத்தைப் பார்த்து எழுதியது. தலைவியும் அதை நம்பி, கடிதத்தை என் மேசையில் வைத்துச் சிரித்தார். இரண்டு நாள் உட்கார்ந்து ஆந்தை படித்தேன்.

தோட்ட மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பத்து நிமிடம் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்போது பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் எழுந்தார்.

"டாக்டர், எங்க பிளாக்ல ஆந்தை தங்க உயரமா பெட்டி மாட்டி எட்டு மாசம் ஆச்சு. ஒண்ணுகூட எட்டிப் பாக்கல. ஏன்?"

அதை நான் படிக்கவில்லை. வாய் தானாகப் பேசியது. "அதோட கவனம் வேற எங்கயாவது இருக்கலாம்."

"எங்க?"

"வேலை அதிகமா இருந்தா கவனம் சிதறும்..."

"ஆந்தைக்கா?"

மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் தொப்பி போட்டிருந்த ஒருவர், "பெட்டியக் காட்டுங்கம்மா" என்று எழுந்து நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"உள்ள தேனீ கூடு கட்டியிருக்கு. ஆந்தை எப்படி வரும்?"

நாங்களும் பார்த்தோம். வாசலில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. "உதிர்ந்த பழம் பொறுக்குறோம், கீழதானே பாப்போம்" என்றார் அந்த அக்கா, வெட்கத்தோடு.

தொப்பிக்காரர் என் பக்கம் திரும்பினார். "இதைப் பத்திதானே டாக்டர் நீங்க எழுதியிருக்கீங்க? உங்க ஆறு கட்டுரையும் இணையத்துல என் பக்கத்துல ஏறியிருக்கு. படிச்சேன்."

எனக்குக் காது சுட்டது. யோங் பெங் ஊரில் இருக்கும் உண்மையான ஆந்தைக்காரர் அவர்தான். தோட்டத்தார் வாட்ஸப்பில் அனுப்பிய விளம்பரத்தில் தன் கட்டுரைகளையும் என் படத்தையும் பார்த்து வந்திருக்கிறார்.

"மன்னிச்சிருங்க சார்."

"அட, விடுங்க. போன வாரம் ஒருத்தர் எனக்குப் போன் பண்ணி, அப்பா மூக்குக்கண்ணாடிய வெச்ச இடத்த மறந்துடறாரு, என்ன செய்யறதுன்னு கேட்டாரு. நான் எலி தூக்கிட்டுப் போகும், உயரமா ஒரு பெட்டி மாட்டுங்கன்னு சொல்லிட்டேன்."

டவுன் காப்பிக் கடையில் உட்கார்ந்து இருவரும் பொத்தானை அழுத்தினோம். என் எண் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். அவருக்கும் பதினொன்று குறைந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, தோசையில் மும்முரமாக இருந்தார்.

திங்கட்கிழமை தலைவியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தன் கணினியில் என் பக்கத்தைத் திறந்தார்.

"அப்போ அந்த முந்நூறும் போச்சா?"

"போச்சு."

பேனாவை எடுத்தார். திட்டுக் கடிதம்தான் என்று நினைத்தேன். "அவரோட நம்பர் குடு. நம்ம துறையில சேருவாரான்னு கேட்டுப் பாப்போம்" என்றார்.

நானே கேட்டேன். ஆந்தைகளுக்கு யோங் பெங்தான் வசதி என்று சொல்லிவிட்டார்.