ஜில்லென்று அடிக்காத மருந்து

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூம்பாறையில் ஒரு பஸ் விசில் சத்தத்துக்காகக் காத்து நின்றது.

கூக்காலிலிருந்து கொடைக்கானல் போகிற பஸ். உள்ளே பாதி ஆட்கள், பாதி பூண்டு மூட்டை. நான் டிரைவருக்குப் பின் சீட்டில். எல்லோரும் ஏறியாகிவிட்டது. டிரைவர் கியரில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். விசில் வரவில்லை.

“என்னண்ணே, கெளம்பலாமா? வெரசா ஊதுங்க” என்று திரும்பாமலே குரல் கொடுத்தார்.

திரும்பிப் பார்த்தோம். கண்டக்டர் தங்கவேல் பின்பக்கம் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். விசில் உதட்டில்தான் இருந்தது. ஊதுவதற்கு மூச்சு இல்லை. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம் பூத்திருந்தது.

“ஆத்தாடி... இவருக்கு இழுக்குது! வண்டிய எடுங்க!” என்று பூண்டுக்கார அம்மா ஒருவர் கத்தினார்.

எடுத்தார் டிரைவர். வழியில் கை காட்டியவர்கள் யாருக்கும் நிற்கவில்லை. அந்த வளைவுகளில், அந்தப் பனிமூட்டத்தில், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் கொடைக்கானல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வழி நெடுக நான் தங்கவேலின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தேன். காக்கிச் சட்டைக்குள் நெஞ்சு கீச்... கீச்... என்றது.

பிழைத்துவிட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது அவர் பிழைத்த கதையை அல்ல. நான் செய்த காரியத்தை.

தங்கவேலுக்குச் சொந்த ஊர் அய்யம்பாளையம். மனைவி ஜோதியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கே, மலையடிவாரத்தில். இவருக்கு டியூட்டி மலைமேல் — ஆறு வருஷமாக. ஆஸ்துமாக்காரருக்குக் கொடைக்கானல் குளிரில் டியூட்டி! கீழே மாற்றல் கேட்டு வருஷா வருஷம் மனு கொடுப்பார். வருஷா வருஷம் ஒன்றும் நடக்காது.

சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நீல இன்ஹேலர் இருக்கும். “இத ஒரு அமுக்கு அமுக்குனா தொண்டையில ஜில்லுன்னு ஒரு அடி அடிக்கும் பாருங்க சார்... அப்பத்தான் உசுரு திரும்பி வரும்” என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் என் வாசகர். பத்திரிகையில் என் வாரப் பத்தி வெளியான மறுநாள் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே தீர்ப்பும் சொல்வார். “இந்த வாரம் சுமார்தான் சார்.”

நான் எழுதியதில் அவருக்கு ரொம்பப் பிடித்தது ஓசோன் பற்றிய பத்தி.

சில மாதங்களுக்கு முன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கருத்தரங்கு நடந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் ஸ்பிரேயிலும் இருக்கும் குளிரூட்டும் வாயுக்களைப் பற்றி. பழைய வாயு வானத்து ஓசோனை அரித்து ஓட்டை போட்டது, உலக நாடுகள் மாண்ட்ரீலில் கூடிக் கையெழுத்துப் போட்டன, இப்போது அந்த வாயுவை ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று ஓர் அதிகாரி படம் போட்டு விளக்கினார். ஆஸ்துமா இன்ஹேலரில் மருந்தைத் தள்ளுவதும் அதே வாயுதான், அதையும் மாற்றுகிறோம் என்றார்.

வயதான டாக்டர் ஒருவர் எழுந்தார். “மாத்துங்க, நல்லது. ஆனா புது இன்ஹேலர் பழசு மாதிரி தொண்டையில ஜில்லுனு அடிக்காது. மெதுவா, வெதுவெதுப்பா வரும். மருந்தே வரலைன்னு பேஷன்ட் நினைச்சிடுவான். சீக்கிரம் அடைச்சுக்கும் வேற, வாரா வாரம் கழுவணும். இதையெல்லாம் யாருங்க சொல்லப் போறது?”

அதிகாரி புன்னகைத்தார். “அவேர்னஸ் புரோகிராம் இருக்குது, டாக்டர்.”

டாக்டர் சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கோடுகூடப் போட்டேன்.

பத்தியில் எழுதவில்லை.

ஏன்? உலகமே ஒருமுறையாவது ஒற்றுமையாக ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது என்று உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்தது எழுத்து. நடுவில் எதற்கு இன்ஹேலர், அடைப்பு, கழுவுவது? சுவாரஸ்யம் கெட்டுவிடும் என்று தோன்றியது. அந்த இடத்தில் ஹோட்டலில் கொடுத்த காளான் சூப்பைப் பற்றி எழுதினேன். அதற்குத்தான் நிறையக் கடிதங்கள் வந்தன.

தங்கவேலும் பாராட்டினார். “பிரமாதம் சார். வானத்து ஓட்டைய மூடுறாங்களாமே! என் மகளுக்கு எடுத்து வச்சிருக்கேன்.”

ஒரு மாதம் போயிருக்கும். அதே பஸ், அதே மூட்டம். அவர் இன்ஹேலரை வாயில் வைத்து அமுக்கினார். மறுபடி அமுக்கினார். காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“மருந்துல சத்தே இல்ல சார். ஜில்லுன்னே அடிக்க மாட்டேங்குது. கடையில கேட்டா, கம்பெனில இருந்து வர்றதே இப்ப இதுதான்ங்கிறாரு. டூப்ளிகேட்டு போல.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“இந்தக் காலத்துல எதுலதான் தங்கவேல் டூப்ளிகேட் இல்ல?” என்றேன். சிரித்தேன். அவரும் சிரித்தார்.

என் கையால் எழுதிக் கோடு போட்ட வரி. என் முன்னால் நின்று ஒருவர் அதையே வாய்விட்டுச் சொல்கிறார். எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த வரியால் எனக்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லையே... பிறகு எப்படி ஞாபகம் வரும்?

ஆஸ்பத்திரியில்தான் வந்தது. மறுநாள் அய்யம்பாளையத்திலிருந்து ஜோதி வந்திருந்தார். டியூட்டி டாக்டரம்மா இன்ஹேலரைப் பிரித்து, பிளாஸ்டிக் கூட்டில் மருந்து வரும் துளையைக் காட்டினார். சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக அடைத்துக் கிடந்தது.

“கழுவவே இல்லையா?”

“கழுவணும்னு யாருங்க சொன்னா?” என்றார் ஜோதி. “பழசைக் கழுவுனதே இல்லையே. இது டூப்ளிகேட்டுன்னு சொல்லி அவரு ரெண்டு வாரமா தொடுறதே இல்லை. கசாயம்தான் குடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு.”

“டூப்ளிகேட் இல்லம்மா. மருந்தைத் தள்ளுற கேஸை மாத்திட்டாங்க. மருந்து அதேதான்.”

நான் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆக்ஸிஜன் மாஸ்கை எடுத்த பிறகு தங்கவேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கருத்தரங்கு, டாக்டர், நோட்டு, சூப்... அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அத எழுதியிருந்தீங்கன்னா நான் படிச்சிருப்பேனே சார்” என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விட்டுவைக்காதவர் ஜோதி. “வானத்துல ஓட்டைன்னா அடைக்க வேண்டியதுதான் சார். வேணாம்னு யாரு சொன்னா? இன்னது மாறுதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு மாத்துனா என்ன கொறஞ்சா போயிருவீங்க? படிச்சவங்க எல்லாரும் உங்களுக்குள்ளயே பேசிக்கிட்டா, எங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

‘உங்களுக்குள்ளயே’ என்று அவர் சொன்னதில் நானும் இருந்தேன்.

இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள். மாற்றிப் போட்ட இந்தப் புது வாயு ஓசோனைத் தொடாதாம், ஆனால் பூமியைச் சூடாக்குமாம். சில குட்டித் தீவு நாடுகள் இதையும் குறைக்க ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருக்கின்றன. கடல் ஏறி வருகிறது, கேட்கத்தான் செய்வார்கள். நியாயம்தான். மறுபடி கூடுவார்கள். மறுபடி கையெழுத்துப் போடுவார்கள். மறுபடி எதை எதையோ மாற்றுவார்கள். உலகத்துக்கே ஒரு செய்தியைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, பூம்பாறை பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவருக்கு அதைச் சொல்லத் தெரியாது. அவர்களை விடுங்கள். வாரா வாரம் அதே பஸ்ஸில் போய் வருகிற எனக்குத் தெரிந்ததா?

தங்கவேலின் நுரையீரல் முன்போல் இல்லை என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆறு வருஷமாகக் கேட்ட மாற்றல் ஒரே வாரத்தில் வந்தது — கண்டக்டராக அல்ல. கீழே ஒரு டிப்போ கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிற பஸ்ஸின் நம்பரை எழுதும் வேலை. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பத்தி படிக்கிறாரா என்றும் தெரியவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டில் யாராவது இன்ஹேலர் வைத்திருந்தால், புதியது தொண்டையில் ஜில்லென்று அடிக்காது, அதனால் மருந்து இல்லை என்று அர்த்தமில்லை. வாரம் ஒருமுறை உலோகக் குப்பியை வெளியே எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கூட்டை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். சந்தேகம் வந்தால் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்றே வாக்கியம். அன்றைக்கு இடமில்லை என்று எப்படி நினைத்தேன்?