ஸ்கேன் செய்யாத பெட்டி

கவிப்பிரியா பள்ளிப்பட்டில் பிறந்து, கும்மிடிப்பூண்டிக்கு வாழ்க்கைப்பட்டு, சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருப்பவள். வாய் கொஞ்சம் நீளம். மருந்து விஷயத்தில் மட்டும் மகா கஞ்சம்.

மருந்துப் பெட்டிகளுக்கு பார்கோடு வந்த பிறகு, எந்த ஆஸ்பத்திரியில் எது எவ்வளவு இருக்கிறதென்று திரையிலேயே தெரிந்தது. ஆனால் ஸ்கேன் செய்தால்தானே தெரியும்? தெரிந்துவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்பார்களே! அதனால் 'அவசரத்துக்கு' என்று ஒரு பெட்டியை ஸ்கேன் செய்யாமல் உள்ளே தள்ளிவைப்பது மருந்தாளுநர்களுக்குள் வழக்கமாகிவிட்டது. கவிப்பிரியாவின் ஃப்ரிட்ஜிலும் ஓர் இன்சுலின் பெட்டி அப்படித்தான் பதுங்கியிருந்தது.

அன்று மதியம், நெல் அறுத்துக்கொண்டிருந்த பூவம்மாளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த பாம்புக்கடி மருந்தெல்லாம் ஏற்றியும் ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை.

"இன்னும் மருந்து வேணும்மா. மெட்ராஸ் போற வரைக்கும் தாங்காது" என்றார் டாக்டர் ஹேமநாத்.

கவிப்பிரியா திரையைப் பார்த்தாள். சுற்றுவட்டாரம் முழுக்கப் பூஜ்ஜியம். கோபம் வந்தது. பூஜ்ஜியமாவது மண்ணாவது! அவளைப் போலவே எத்தனை பேர் பதுக்கியிருப்பார்கள்! சும்மா கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவளே ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

இன்சுலின் பெட்டியை வெளியே இழுத்து ஸ்கேன் செய்தாள். மருந்தாளுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினாள்:

"நான் ஒரு இன்சுலின் பெட்டிய ஒளிச்சி வெச்சிருந்தேன்பா. இப்ப கணக்குல ஏத்திட்டேன், எல்லாரும் பாத்துக்கங்க. இங்க ஒரு பொம்பள உசுரு போய்க்கினு கீது. பாம்புக்கடி மருந்து யாருகிட்ட கீதோ, உடனே ஸ்கேன் பண்ணுங்க. ஏன் வெச்சிருந்தீங்கன்னு கேக்க மாட்டேன்!"

திரை அப்படியே கிடந்தது. திடீரென்று ஒரு பூஜ்ஜியம் நாலாயிற்று. அடுத்தது ஆறு. கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று!

"வருது சார், வருது!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

போன் அடித்தது. பக்கத்து ஆஸ்பத்திரி ஜோஷ்வா. "அக்கா, என்கிட்ட முழுப் பெட்டியே கீது. வண்டில வந்துக்கினே கீறேன்!"

சிப்காட் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு வந்தவனை ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடாமல் பெட்டியைப் பிடுங்கினாள். பொழுது சாய்வதற்குள் ரத்தம் நின்றது. சந்தோஷத்தில் கவிப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை மருந்துக் கிடங்கு அதிகாரி போனில் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா கூத்து இது? நேத்து ஒரு லாரிகூட அனுப்பல. எல்லா ஆஸ்பத்திரிலயும் ஸ்டாக் எப்படி ஏறுச்சு?"

எதிர் வார்டுக் கட்டிலில் பூவம்மாள், இட்லிக்குச் சட்னி பத்தவில்லை என்று நர்ஸிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"லாரி எதுக்கு சார்?" என்றாள் கவிப்பிரியா. "எல்லாம் நம்ம ஊட்லயேதான் இருந்துச்சு."