அம்மாவுக்கு வந்த மருள்

கவிஞருக்குத் திடீரென்று உள்ளுக்குள் ஒன்று ஏறிப் பாட்டு வருகிறதே, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயா கேட்டார். நான் கையைத் தூக்கி, "மருள் சார். எங்கம்மாவுக்கு வரும்" என்றேன். ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மருள்னா மயக்கம். புத்தி கெட்டுப்போறது. குப்பத்துல சாமியாடுறதும் கவிதையும் ஒண்ணா?" பீரியட் முடியும்வரை என்னை பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினார்.

அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அகராதியில் அவர் பார்த்தது முதல் வரியை மட்டும். கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால், தெய்வம் ஏறுவதும் மருள்தான் என்று போட்டிருக்கும். அதே வேரில் பிறந்த மருட்கைக்குப் பழைய இலக்கணக்காரர்கள் வியப்பு என்று பொருள் சொன்னார்கள். திகைத்து நிற்கிற மனசுக்குள்தானே புதிதாக ஒன்று நுழையும்? இதைத் தேடிப் படிக்க எனக்குப் பல வருஷம் ஆனது. சம்பளம் வாங்கிய அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா?

அந்த வாரமே திருவொற்றியூரில் எங்கள் குப்பத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அம்மாவுக்கு மருள் வந்தது. மருளில் வருகிற வார்த்தையை எங்கள் குப்பத்தில் யாரும் மீற மாட்டார்கள். பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்த அக்காவை நிறுத்தி, மறுநாளே இறால் கம்பெனிக்கு அனுப்புவதாகப் பெரியப்பா முடிவு செய்திருந்தார். வருஷம் முழுக்க அவர் முன்னால் தலைநிமிராத அம்மா, அன்று அவரை "டேய்" என்று கூப்பிட்டாள். அவர் செல்போனை அணைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"இன்னா குறை வெச்சோம், சொல்லு தாயி."

"பெரிய பொண்ண இஸ்கூல்லேர்ந்து நிறுத்துறியாமே? யார கேட்டுடா..."

அம்மா முடிக்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் கூட்டத்தில் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மானம் போயிற்று. "யம்மா, போதும்மா! மருள்னா புத்தி கெட்டுப்போறதாம், எங்க சார் சொன்னாரு!" என்று கத்தினேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியப்பா கட்டிய கையை அவிழ்த்தார். "படிக்கிற பொண்ணே சொல்லிச்சு. இவ நடிச்சுகினு கீறா" என்றார்.  அம்மா மஞ்சத் தண்ணீர் சொட்டச் சொட்ட, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் காலையில் அக்கா கம்பெனி வேனில் ஏறினாள். அம்மாவுக்கு அப்புறம் மருள் வரவேயில்லை.

பேசியது சாமியா அம்மாவா என்று இன்றும் எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அம்மா சொல்லி நாலு ஆம்பிளைகள் கேட்க அந்தக் குப்பத்தில் இருந்தது அந்த ஒரு வழிதான். அதை நான்தான் அடைத்தேன் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் முன்னால் மானத்தைக் காப்பாற்றிவிட்ட தெம்பில், இரண்டு சொம்பு கூழ் வாங்கிக் குடித்தேன்.